செருப்புத் தோலில் தொடங்கிய பிரேக்

நேயர்களுக்கு வணக்கம். காரின் பிரேக் டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுழலும்போது உள்ளிருந்து கட்டைகள் அழுத்தி நிறுத்தும் உருளையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், ஆனால் கதை செருப்புத் தோலில்தான் தொடங்குகிறது. 1888-இல் பெர்தா பென்ஸ் அம்மையார், கணவர் செய்த மோட்டார் வண்டியை அவருக்குச் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துவிட, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதன்மேல் தோலை ஆணியடிக்கச் சொன்னார். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பாதைகளில் குதிரை வண்டிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள், பழைய பூட்ஸைக் கட்டையில் வைத்து இறக்கத்தைச் சமாளித்தார்கள்.

அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் அதோடு விடவில்லை. வீட்டருகே ஓடிய ஓடையில் நீர்ச்சக்கரம் வைத்து, அதன் சுழற்சியில் ஒவ்வொரு பொருளாக உரசிப் பார்த்தார். எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று கணக்கெடுத்தார். 1897-இல் பிரேக் பட்டை செய்யும் தொழிலையே தொடங்கிவிட்டார். அவர் நிறுவனத்தின் ஃபெரோடோ என்ற பெயர், அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, கூடுதலாக ஓர் எழுத்தைச் சேர்த்ததுதான்.

கட்டையின்மேல் உரசுவதற்காக லைனிங் என்ற பட்டை ஒன்றைப் பொருத்துவார்கள்; பிசின் ஊறிய பருத்திப் பட்டை நன்றாகவே பிடிக்கும், ஆனால் 150 டிகிரியை நெருங்கினால் கருக ஆரம்பிக்கும். இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் எடையுள்ள கார், 300 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறது. அன்றைய கார்கள் பலவற்றில் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். இரண்டு டிரம்மும் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்றால், காற்று குளிர்விக்காத பட்சத்தில் சூடு 600 டிகிரியைத் தாண்டும். டிரம்மும் சூட்டில் விரிந்து கட்டையை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். எஃகுத் தகட்டை அழுத்திச் செய்த டிரம் இலேசுதான், ஆனால் சுலபமாகக் கோணிவிடும், கீறலும் விழும். வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் இருப்பதால் உரசலை நன்றாகத் தாங்கும், ஆனால் கனம், விரிசலும் விடும். கடைசியில் வெளியே எஃகு, உள்ளே வார்ப்பிரும்பு என்று இரண்டையும் சேர்த்தே வார்த்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த வேலை.

சரி, லைனிங்குக்கு என்ன செய்தார்கள்? 1908 வாக்கில் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் நூலுக்கு மாறினார். சூட்டுச் சோதனையில் பருத்தி தோற்ற இடத்தில் அது நின்றது, உலகமே அதன் பின்னால் போனது. ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்று நிறுத்துப் பார்த்த அந்தச் சோதனையில், தேய்ந்த தூள் எங்கே போகிறது என்ற கேள்வியே இல்லை. 1924-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார், நுரையீரலில் அந்தத் தூசிதான் இருந்தது. பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தது 1999-இல். இவ்வளவு தாமதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதனால் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் பட்டறைத் தம்பிகளுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கும், அதை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். நன்றாக நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரம் காயும் முன்பே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.