ஒப்புதல் நம் மொழியில் வேண்டும்

தலைவர் அவர்களே, நீதித்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்று, இந்த வெயிலிலும் நமக்காக வந்திருக்கும் ஐயா அவர்களே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நேற்றுவரை நம் விவரங்களை அள்ளிக்கொண்ட நிறுவனங்கள் இன்று தனியுரிமையைப் போற்றிப் பேசுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: அபராதம், வாடிக்கையாளர் நம்பிக்கை, வெளிநாட்டு வணிகம். இவற்றுள் பெரியது அபராதம்தான். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்; கடைக்காரர் காதில் அது ஏறவில்லை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களான தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றது, காதில் ஏறிவிட்டது. ஐரோப்பாவில் அதே 2023இல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 120 கோடி யூரோ அபராதம் விழுந்ததையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் தாயார் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து சொட்டு மருந்து வாங்கப் போனார். பில் போடும் தம்பி, "நம்பர் சொல்லுங்கம்மா" என்றார். பச்சைக் கண்ணாடியும் கையில் சீட்டுமாக நின்ற அம்மா, பின்னால் ஏழெட்டுப் பேர் கேட்க, பத்து இலக்கத்தையும் உரக்கச் சொன்னார். அடுத்த வாரமே மூட்டுவலித் தைலம், கடன், காப்பீடு என்று அழைப்புகள் வரத் தொடங்கின. எண்ணை நீக்கச் சொல்லிப் போனேன். "அது ஹெட் ஆபீஸ்லதான் சார்" என்றார்கள். சென்ற மாதம் அதே கடையின் செயலியில் தனியுரிமை அறிவிப்பு வந்தது. திரையைத் தள்ளத் தள்ள ஆங்கிலம். அடியில் ஒரு பொத்தான். "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்று அம்மா போனை நீட்டினார். விரல் அதற்குள் பொத்தானை அழுத்தியிருந்தது.

நான் ஓராண்டாகக் கேட்டுவருவது இதைத்தான்: அறிவிப்பும் ஒப்புதலும் நம் மொழியில் வேண்டும். அந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமே, அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்கவேண்டும். 2025 நவம்பரில் அச்சட்டத்துக்கான விதிகள் வந்துவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான். ஆகவே அவகாசம் முடியும் முன்பே நாம் எழுத்தில் கேட்கவேண்டும். நம் ஊர்க் கடைகள் தமிழில் அறிவிப்பு வைக்கக் கோரும் மனு, வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் மட்டும் போதும். தொலைபேசி எண் வேண்டாம்.