காருக்குள் சூடும் சத்தமும்: கூரையில் தொடங்குங்கள்

[காட்சி: வெள்ளவத்தை, நண்பகல். வீதியோரம் நிற்கும் சிறிய காரின் கூரையை விரல் முட்டி தட்டுகிறது.]

இந்த "டங்" சத்தத்தைக் கேட்டீர்களா? இந்தத் தகரம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஒக்டோபர் மழையில் காருக்குள் பேச்சுக் கேட்காததும், நண்பகலில் உச்சந்தலையில் அனல் இறங்குவதும் இதனால்தான். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

அதிர்வை அடக்குவது பியூட்டில் ஷீட், அதாவது ஒட்டும் ரப்பர் தாள். 2 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். மேலே அலுமினியத் தாள் மினுங்குவதால் சூட்டையும் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். சூட்டுக்கு அதன்மேல் தண்ணீர் ஊறாத ஃபோம் வேண்டும், 6 முதல் 10 மில்லிமீற்றர். வாங்குமுன் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். நீர் வடிந்தால் அது வேண்டாம். கொழும்பு ஈரத்தில் தகரத்தோடு சேர்ந்து கறள் பிடிக்க வைக்கும்.

மலிவான தார் ஷீட்டைக் கூரைக்குப் போடவே கூடாது. வெயிலில் இளகி, மணத்து, கூரையின் உள்மூடியான லைனிங்கின் மேலே விழும்.

[காட்சி: பெற்றரியின் மைனஸ் வயர் கழற்றப்படுகிறது.]

கூரையோரம் எயார்பேக் இருக்கலாம். மைனஸ் வயரைக் கழற்றி 10 நிமிடமாவது பொறுங்கள். பிறகு சன்வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண் மூடிகள், கதவோர ரப்பர். முன்சீட்டுகளைச் சாய்த்து, லைனிங்கைப் பின்கதவு வழியாக இருவர் பிடித்து எடுங்கள். மடிந்தால் அந்தக் கோடு போகாது. கிளிப்புகள் உடையும்; பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பத்துப் பன்னிரண்டு முதலே வாங்கி வையுங்கள்.

தகரத்தை ஐசோப்ரொப்பைல் அற்ககோலால் துடையுங்கள். ஷீட் விழுவதற்கு முதல் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டாவது ரோலர் போடாதது. அலுமினியத் தாளின் புடைப்பு தட்டையாகும்வரை உருட்டுங்கள். கூரை முழுவதையும் மூடத் தேவையில்லை: கூரையின் குறுக்குப் பட்டங்களுக்கு இடையே நடுப்பகுதியில் பாதி போதும். ஷீட் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ. உச்சியில் வீணாகப் பாரம் ஏற்றாதீர்கள். ஃபோம் மட்டும் இடைவெளியின்றிக் கூரை முழுக்க வர வேண்டும். லைனிங் மூடாமல் தள்ளினால் ஃபோம் தடிப்பைக் குறையுங்கள், அழுத்தித் திருகாதீர்கள்.

இப்போது தட்டிப் பாருங்கள். "டப்."

கண்ணாடி வழி வரும் வெயில் அப்படியேதான் வரும். மூடி நிறுத்திய கார் சூடாகத்தான் செய்யும். ஓடும்போது தலைக்கு மேல் அனல் குறையும், ஏசி சீக்கிரம் பிடிக்கும்.

[காட்சி: கதவின் உட்பலகை கழன்றிருக்கிறது.]

கதவில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். வெளித்தகரத்தின் உட்புறத்தில் பியூட்டில் ஒட்டுங்கள், அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் மூடாதீர்கள். கண்ணாடியைக் கீழே இறக்கி உரசுகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் மழைத்தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள். கிழிந்தால் மழைத்தண்ணீர் தரைவிரிப்புக்குத்தான் வரும்.

ஹைபிரிட் கார் என்றால், பின்சீட்டருகே பெற்றரிக்குக் காற்று எடுக்கும் துவாரத்தை ஃபோமால் அடைக்க வேண்டாம், பெற்றரி சூடேறிக் கெடும். செம்மஞ்சள் வயர்களைத் தொடாதீர்கள்.

[காட்சி: கண்ணாடிமேல் வாளித் தண்ணீர்.]

உட்பலகையை மாட்டுமுன், மூடிய கண்ணாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடியால் அது சொட்ட வேண்டும். சொட்டவில்லையா, ஒரு துளையை மூடிவிட்டீர்கள். அந்த ஷீட்டை உரித்துவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள்.