தோழியின் விசிறி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பெண்ணுக்குப் பெரிய துணை குடும்பமா, தோழியா? தோழிதான் என்று பேச வந்திருக்கிறேன். லிசா சீ 2005இல் எழுதிய 'ஸ்னோ ஃப்ளவர் அண்ட் தி சீக்ரெட் ஃபேன்' நாவலை நான் எடுப்பேன் என்று தெரிந்து, எதிரணி அண்ணன் முன்னாலேயே குத்திவிட்டுப் போனார். "எங்கள் வீட்டுச் சண்டையில் தட்டு உடையும், குடும்பம் உடையாது. இவர்கள் சொல்லும் நட்பு ஒரே கடிதத்தில் உடைந்தது!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தக் கடிதத்தையே பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு. சீனாவின் ஹுனான் மாகாணத்து ஜியாங்யோங் பக்கம். லில்லி, ஸ்னோ ஃப்ளவர். இரண்டாமவளை நான் பனிப்பூ என்றே சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் வாயில் வருகிறது. ஏழு வயதில் இருவரையும் 'லாவோடோங்' ஆக்குகிறார்கள். தரகி வந்து, எட்டுப் பொருத்தம் பார்த்து, ஒப்பந்தம் எழுதி, ஆயுளுக்கும் முடித்துவைக்கிற தோழமை அது. இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒரே நாளில் கால் கட்டப்பட்டவர்கள்.

கால் கட்டுவது என்றால், கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கித் துணியால் இறுக்குவார்கள். அப்புறம் எலும்பு ஒடியும்வரை நடக்க வைப்பார்கள். பாதம் மூன்று அங்குலத்தில் நிற்க வேண்டும். லில்லியின் தங்கை அதிலேயே செத்துப்போனாள். கட்டியது யார்? பெற்ற தாய். அண்ணன் புகழ்ந்தாரே, அதே குடும்பம்.

கடிதத்துக்கு வருகிறேன். அது நூஷுவில் எழுதியது. அந்த வட்டாரத்துப் பெண்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட எழுத்து, கொசுக்கால் மாதிரி ஒல்லியாகச் சாய்ந்திருக்கும். ஓர் எழுத்து ஓர் ஒலி. அந்த ஒலியில் எத்தனை சொல் இருந்தாலும் எழுத்து அதேதான். எந்தச் சொல் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கசாப்புக்காரப் புருஷனிடம் அடி வாங்கி வாழும் பனிப்பூ, மூன்று பெண்கள் தன்னைத் தன் நிலையிலேயே ஏற்று அன்பு காட்டுவதாக விசிறியில் எழுதுகிறாள். லில்லி எப்படிப் படித்தாள்? என்னை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று! அய்யா, இன்னொரு தரம் படியுங்கள். விட்டுவிட்டேன் என்ற சொல்லே அதில் கிடையாது. மூன்று பேர் அன்பாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை அப்படிப் படித்தது தோழியின் கண் இல்லை. அடங்கிப் போ, ஆண் பிள்ளை பெறு என்று பனிப்பூவுக்கே புத்தி சொல்லிப் பழகிய, லூ வீட்டுக்குப் பெரிய மருமகளாகிவிட்ட லில்லியின் கண். அண்ணே, அந்தக் கண்ணைக் கொடுத்தது எது?

அந்த ஊரில் கல்யாணமான மூன்றாம் நாள் மணப்பெண்ணுக்குத் தோழிகள் ஒரு துணி அட்டைப் புத்தகம் அனுப்புவார்கள். முதல் சில பக்கத்தில் பிரிவின் பாட்டு. மற்ற பக்கமெல்லாம் வெறுமை, அவள் எழுத. நடுநடுவே தையல் நூலும் பூவேலை மாதிரியும் செருகி வைத்திருப்பாள். செத்தால் அதையும் கூடவே எரிப்பார்கள், இல்லை புதைப்பார்கள். இப்படி வழிவழியாக நூஷு எழுதியவர்களில் கடைசியாக அறியப்பட்ட யாங் ஹுவான்யி பாட்டி 2004இல் போய்விட்டார்.

எண்பது வயது லில்லிக்கு என்ன குறை? பிள்ளை, பேரன், பெரிய வீடு, சீமாட்டி என்ற பெயர். அத்தனையும் இருந்தும் கடைசியில் உட்கார்ந்து தன் கதையை எழுதுகிறாள். தன்னோடு சேர்த்து இதையும் எரித்துவிடுங்கள், அப்போதுதான் செத்தவர்கள் உலகத்துக்குப் போய்ச் சேரும் என்கிறாள். நடுவர் அவர்களே, அங்கே புருஷனும் இருக்கிறான், பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவள் மன்னிப்புக் கேட்டு எழுதியது பனிப்பூவிடம்.