429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

வணக்கம். பலகையில் இருக்கும் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவோம்: 4,29,49,67,297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் இது வரும்.

பிரான்சின் துலூஸ் நகரில் சட்டப் பணியில் இருந்துகொண்டே கணிதம் செய்தவர் பெர்மா. 2-க்கு 1, 2, 4, 8, 16 என்று அடுக்கு போட்டு, ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537 வந்தன. ஐந்துமே பகா எண்கள். அடுத்து 32-ஆம் அடுக்கு, அதாவது நம் எண். இதுவும் இதற்குப் பின் வருபவையும் பகா எண்களே என்று 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் சொன்னார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இதைக் கடிதத்தில் இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லரின் பதில் வந்தது: 641 × 67,00,417.

எல்லா வகுத்திகளையும் தேடுவதென்றால் 65,536-க்குக் கீழே உள்ள 6,542 பகா எண்களையும் பார்க்க வேண்டும். ஆனால் இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது!

வகுத்துப் பார்க்காமலே இதைக் காட்ட முடியும். 641 என்பது 5 × 128 + 1. எனவே 5 × 2-ன் 7-ஆம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது 641-இன் மடங்குக்கு 1 குறைவு. நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 625 × 2-ன் 28-ஆம் அடுக்குக்கு மீதி 1. சரி, 641 என்பது 625 + 16-உம் கூட. ஆக 625 இருக்கும் இடத்தில் −16-ஐப் போடலாம். 16 என்பது 2-ன் 4-ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. ஆகவே 2-ன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. அதோடு 1-ஐக் கூட்டினால் மீதி எதுவும் இல்லை. அவ்வளவுதான்!

இனி வகைப்படுத்துவது சுலபம். இது பகு எண். சரியாக இரண்டு பகா எண்களின் பெருக்கல். தன்னை விட்டுவிட்டால் வகுத்திகளின் கூட்டல் 67,01,059 மட்டுமே. அது எண்ணைவிடக் குறைவு, ஆகவே இது குறைவெண். இது போலிப் பகா எண்ணும்கூட: 2-ஐ வைத்துச் செய்யும் பெர்மாவின் சொந்தச் சோதனையில் (எண்ணில் 1 குறைத்து, 2-ஐ அத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்பது) பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ வைத்துச் சோதித்தால் உடனே பிடிபடும்.

எனக்குப் பிடித்த இன்னொன்று. இது 65536-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும் சேர்ந்தது. அப்புறம், 62264-இன் வர்க்கமும் 20449-இன் வர்க்கமும் சேர்ந்ததும் இதுவே. ஓர் ஒற்றைப்படை எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுத முடிந்தால் அது பகா எண்ணாக இருக்கவே முடியாது. இதைக் காட்டியதும் ஆய்லர்தான்.

இதிலிருந்து 2-ஐக் கழித்துப் பாருங்கள். 3 × 5 × 17 × 257 × 65537 கிடைக்கும். பெர்மாவின் அந்த ஐந்து பகா எண்களும் வரிசையாக! ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் 1796-இல் திறந்த வழியில், கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையத்தக்கவை என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியது இந்தப் பெருக்கலின் விடை அளவு, அதாவது 4,29,49,67,295 பக்கங்கள் கொண்டது.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் பகா எண் ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை. 3-ஐப் பூஜ்யமாவது என்று வைத்து எண்ணினால், வரிசையில் 5-ஆவது முதல் 32-ஆவது வரை எல்லாமே பகு எண்கள். 33-ஆவதில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகு எண்ணா, பகா எண்ணா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.