வங்கிகள் இத்தனை, போட்டி எங்கே?

அனைவருக்கும் வணக்கம்.

நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் வங்கிப் போட்டி என்றால் உடனே எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். அரசு வங்கி இத்தனை, தனியார் வங்கி இத்தனை என்று. சரி, இத்தனை பேர் இருந்தும் நம் சேமிப்புக் கணக்குக்கு வட்டி ஏன் ஏறவில்லை?

2011 அக்டோபர் வரை அந்த வட்டியை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயித்தது. அப்போது 4 சதவீதம். அந்த மாதம் 25ஆம் தேதி, இனி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று வங்கிகளிடம் விட்டுவிட்டது. யெஸ் பேங்க் உடனே 6 சதவீதம் என்றது. கோட்டக்கும் ஏற்றியது. ஸ்டேட் வங்கியும் மற்ற பெரிய வங்கிகளும் 4 சதவீதத்திலேயே உட்கார்ந்திருந்தன. 2017இல் ஸ்டேட் வங்கி ஒரு கோடி வரையிலான இருப்புக்கு 3.5 ஆகக் குறைக்கவும் செய்தது. வாடிக்கையாளர் கூட்டம் கலையவில்லை.

ஏன் கலையும்? ஐம்பதாயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு 2 சதவீதம் கூடினால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய். அதற்காகச் சம்பளக் கணக்கை மாற்றி, காஸ் மானியத்தை மாற்றி, இன்சூரன்ஸ் பிரீமியத்துக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட்டு... யார் அலைவது? வங்கிக்கு இது நன்றாகத் தெரியும்.

வீட்டுக் கடனில் கதை வேறு. முன்பெல்லாம் கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் 2 சதவீதம் அபராதம் கேட்ட வங்கிகள் உண்டு. இருபது லட்சம் பாக்கி என்றால் நாற்பதாயிரம். 2012 ஜூனில், மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அந்த அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இப்போது பாக்கித் தொகைக்குக் கடிதம் கேட்டுப் போய் நில்லுங்கள். "சார், கொஞ்சம் உட்காருங்க, வட்டியைப் பார்த்துச் செய்யலாம்" என்பார் மேலாளர். அதே வங்கி, அதே மேலாளர்! நாம் வெளியே போக முடியும் என்பது மட்டும்தான் புதிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடுதல் வட்டிக்குப் போனவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில், பெரிய கடன்கள் வாராக்கடனாகி, யெஸ் பேங்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்தது. வங்கி மூழ்கினால் நம் பணத்துக்குக் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போட்டி வேண்டும் என்பவர்கள் இந்தக் காப்பீட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அது வேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் எஸ்.எஸ். முந்த்ராவே பேசினார். அந்த வசதிதான் இன்னும் வரவில்லை.