கடைசி சீட்டும் முதுகெலும்பும்

பின்னால் நிற்கிற ஐயா, முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது, வாங்க. நானும் இன்றைக்குக் கடைசி சீட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் கடைசி சீட் பின்சக்கரத்தையும் தாண்டி இருக்கும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் ஆளை ஒரு சாண் தூக்கித் தொப்பென்று போடும். இருபது வயதில் சிரித்துக்கொள்வோம். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் அப்படி விழுந்து, நடுமுதுகுக்குக் கீழே சுரீரென்று வலி. தைலம் தேய்த்தே மூன்று வாரம் ஓட்டிவிட்டு, அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். தீப்பெட்டி மாதிரி இருக்கவேண்டிய முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி இருந்தது.

இது அநேகமாக ஒரே இடத்தில்தான் நொறுங்கும். மேலே 12 மார்பு முள்ளெலும்புகளை விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கீழே இடுப்பில் இருக்கிற 5 தாராளமாக வளையும். விறைப்பும் வளைவும் சந்திக்கிற அந்த மூட்டில்தான் அடி இறங்கும்.

சரி, பழி வேகத்தடைக்கா? பாதிதான். முள்ளெலும்பின் உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய தடுப்புகள். மாதவிடாய் நின்றபின் அவை வேகமாக மெலியும், இதுதான் எலும்புப்புரை. ஊரில் எல்லாவற்றுக்கும் ‘தேய்மானம்’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அது மூட்டு வியாதி, இது வேறு. புரை முற்றினால் பஸ்கூட வேண்டாம். குனிந்து குடத்தைத் தூக்கினாலே போதும், சிலருக்கு ஒரு பலத்த தும்மலே போதும்.

எனக்கு அதிகக் கோபம் ஸ்டீராய்டு மாத்திரை மேல்தான். மூட்டுவலிக்கு என்று டாக்டர் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். எலும்பை அது உள்ளிருந்தே அரிக்கும். ஆனால் பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து, டாக்டர் சொல்லித்தான் குறைக்கவேண்டும். காச நோயும் புற்றுநோயும்கூட முள்ளெலும்பை நொறுக்கும். காய்ச்சல், எடை இறங்குவது, படுத்தாலும் விடாத வலி இருந்தால் தாமதிக்காதீர்கள். கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வலிக்காமலே நொறுங்குவதும் உண்டு. காலண்டர் ஆணி எட்டவில்லை, புடவை தரையில் புரள்கிறது என்றால் உயரத்தை அளந்து பாருங்கள். இளவயது உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எக்ஸ்ரேயும், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனும் எடுக்கவேண்டும்.

துணைக்கு வந்த அக்கா கூன் விழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். “அவங்களுக்கு வயசாயிடுச்சு டாக்டர், வலியெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார் தங்கை. அவருக்கும் ஒரு படம் எடுத்தேன். மூன்று எலும்புகள் நசுங்கியிருந்தன, எல்லாமே பழையவை.