விதிவிலக்கு ஒளிந்திருக்கும் இடம்

நண்பர்களே, மத்திய அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவரும் முன் அதை மக்களிடம் காட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. 2014 ஜனவரி 10 அன்று அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் துறைச் செயலாளர்கள் கூடி எடுத்த முடிவு அது. அடுத்த மாதம் அது அமைச்சகங்களுக்குக் கடிதமாகப் போனது. சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை என்கிறோமே, அதற்கு இருக்கும் பிறப்புச் சான்றிதழ் அந்தக் கடிதம்தான்.

படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. வரைவையோ அதன் முக்கிய விவரங்களையோ குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். சட்டம் ஏன் தேவை, எவ்வளவு செலவு, சுற்றுச்சூழலையும் அடிப்படை உரிமைகளையும் பிழைப்பையும் எப்படிப் பாதிக்கும் என்பதெல்லாம் கூடவே வர வேண்டும். எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் வேண்டும். வந்த கருத்துகளின் தொகுப்பை இணையதளத்தில் போட வேண்டும்.

எல்லோரும் அந்த 30 நாளையே எண்ணுகிறோம். ஓட்டை இருப்பது வேறு இடத்தில். கலந்தாய்வு சாத்தியமில்லை என்று அமைச்சகம் நினைத்தால், காரணத்தை எழுதிவிட்டுத் தாண்டிப் போகலாம். எங்கே எழுத வேண்டும்? ஒப்புதல் கேட்டு அமைச்சகம் அமைச்சரவைக்கு அனுப்பும் அமைச்சரவைக் குறிப்பில்! அது ரகசிய ஆவணம். மக்கள் கருத்துக்கு அமைச்சகம் தரும் பதிலும் அதே குறிப்புக்குள்தான் போகிறது.

மூன்று வேளாண் சட்டங்கள் 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தன. 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளும் ஒரே நாளில், விவாதமின்றி, அவற்றை ரத்து செய்தன. போட்டபோதும் அவசரம், எடுத்தபோதும் அவசரம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு வேறு ரகம். 2022 நவம்பரில் முறையாகக் கருத்துக் கேட்டார்கள். ஆனால் வந்த கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். எந்தப் பிரிவு யார் கேட்டு மாறியது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால், தகவல் உரிமை மனுவில் "அமைச்சரவைக் குறிப்பின் நகல்" என்று கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் அதற்கு விலக்கு இருக்கிறது. முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "இன்னும் முடியவில்லை" என்ற பதிலுக்கு அதுவே இடம் கொடுக்கிறது. வரைவு இணையதளத்தில் ஏறிய தேதி, எடுக்கப்பட்ட தேதி, வந்த கருத்துகளின் எண்ணிக்கை, தொகுப்பின் நகல் என்று தனித்தனி எண் போட்டுக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் மசோதாவே நிறைவேறிவிடலாம். ஆகவே மசோதா அவைக்கு வரட்டும் என்று காத்திராமல், கருத்துக் கேட்பு முடிந்த மறுநாளே மனுவைப் போடுங்கள். முதல் வரியில் 4ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே தொடர்புடைய உண்மைகளை வெளியிட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. 2014 கடிதம் வெறும் கொள்கை, மீறினால் தண்டனை இல்லை. தகவல் உரிமையோ நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். மேல்முறையீட்டில் நிற்க உங்களுக்குக் கால் வேண்டுமே!